கூரைக்குள் ஏறிய மகளுக்கு

அன்புள்ள மயூரி,

நேற்றுப் பின்னேரம் தினேஷ் எனக்குப் போன் எடுத்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, மண்டபத்தில் ஏதாவது குழப்பமாக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர் கேட்டது வேறு. நீங்கள் இருவரும் மெல்பேர்னில் எடுத்திருக்கிற அந்தப் பழைய மரவீட்டில், தரைக்குக் கீழே சூடான காற்றைக் கொண்டுபோகிற ஹீற்றர் குழாய்கள் எல்லாம் கசிகின்றனவாம். பின்னறைக்குச் சூடு போய்ச் சேருவதே இல்லையாம். குளிர் இறுகுவதற்கு முன் அடைத்துவிட வேண்டும், எந்த முறை நல்லது என்று கேட்டார். "அதை மயூரியிட்டயே கேக்கலாமே தம்பி," என்றேன். "கேட்டேன் அங்கிள். அப்பாவ கேளுங்கன்னு சொல்லிட்டா," என்று சிரித்தார். ஆறு வருடமாக இதே தொழிலைச் செய்கிறவள் நீ. அந்தக் கேள்வியை என்னிடம் அனுப்பிவைத்தாய். போனை வைத்த பிறகு, ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதிரையில் அப்படியே இருந்தேன். தினேஷுக்கான பதில் இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் வரும். ஆனால் எழுதுவது உனக்குத்தான். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு, கார் சாவி எங்கே என்று தேடப் போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடிந்த கோடையில் நீ குசினிக்குள் வந்து நின்றதிலிருந்து தொடங்குகிறேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, இனி நான் யூனி போகேல்ல. ஏசி வேலை பழகப் போறன். ஒரு கொம்பனியில இடம் கிடைச்சிட்டுது," என்றாய். அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்று உனக்கு நினைவிருக்கும். "ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன். ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. அந்த வேலையில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்றும் கேட்கவில்லை. ஊரில் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். இங்கே வந்து அந்தப் பட்டத்தை எந்தக் கந்தோரும் வேலைக்கென்று திரும்பிப் பார்க்காததால், லிட்கம்மில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் மாவு கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். என் பட்டத்தால் ஆகாததை உன் பட்டத்தால் செய்துவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதை உன்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே உன் தலையில் ஏற்றி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அதனால்தான் அவற்றை இத்தனை வருடம் செய்ய முடிந்தது. வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைகளில் ஆரும் தெரிந்தவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால், "இஞ்சினியரிங் பக்கம் வேலை" என்பேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. உனக்கு வேலையிடத்தில் வேன் கொடுத்தபோது, மேலே ஏணி கட்டி, பக்கத்தில் ஏர்கண்டிஷன் என்று பெரிய எழுத்தில் போட்ட அந்த வெள்ளை வேனை எங்கள் வாசலில் விட வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி மறைக்கும் என்று காரணம் சொன்னேன். அந்த மனுசன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நீ "ஓகே அப்பா" என்றாய். மூன்று வருடம் அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தாய். மழை நாட்களில் கருவிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வருவாய். அம்மா ஜன்னலடியில் துவாயுடன் நிற்பாள். துவாயை உன்னிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டிக் குசினிக்குப் போவாள்.

தினேஷின் அப்பா முதன்முதலாக மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தபோதும் அதையே செய்தேன். பிள்ளை என்ன செய்கிறா என்று கேட்டார். "கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிற துறையில இருக்கிறா," என்றேன். நீ அப்போது குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தம் நின்றது, பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கியது. நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. பல்கலைக்கழகப் பழக்கம் என்று நானே நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான பதில் அதுதான்.

இனி வீட்டுக்கு வருகிறேன். நம் வீட்டின் பின்னறை இரண்டு கோடையாக வெக்கையில் அவிந்தது. கூரைக்குள் ஓடுகிற குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று அனுப்புகிற ஏசி நாள் முழுக்க ஓடும். அந்த அறையின் சீலிங் துவாரத்தில் கையை வைத்தால் ஒரு பிள்ளை மூச்சு விடுவதுபோலத்தான் காற்று வரும். அதைச் சுற்றிச் சீலிங்கில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. அம்மா அங்கேதான் தையல் மெஷினை வைத்து, தெரிந்த பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஓயாமல் தும்மல். மூக்கும் கண்ணும் சிவந்து போயிருக்கும். துணித் தூசிதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மெஷினை மூடிக் கராஜில் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். தையலை நிறுத்தியும் தும்மல் நிற்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. நீ இரண்டு தரம் சொன்னாய், "அப்பா, மேல டக்ட் குழாய் லீக் ஆகுது. ஒரு நாள் நான் ஏறிப் பாக்கிறன்" என்று. நீ வேலை முடிந்து களைத்து வருகிறாய், வேண்டாம் என்றேன். உண்மை அதுவல்ல. நீ அந்த உடுப்புடன் ஏணியில் ஏறுவதை என் கண்ணால் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

தினேஷின் அப்பாவும் அம்மாவும் ஜனவரியில் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் வெக்கையில் இருக்கக்கூடாதே என்று, இரண்டு நாள் முன்பு நீ வேலைக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் வாங்கி நானே கூரைக்குள் ஏறினேன். ஹாட்வேர் கடையில் சாம்பல் நிறத் துணி டேப் இரண்டு சுருள் வாங்கினேன். பெட்டியில் குழாய் என்று எழுதியிருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. எட்டின இடமெல்லாம் சுற்றினேன். விருந்தறைத் துவாரத்துக்கு வருகிற குழாய் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதற்கு மட்டும் ஏழு சுற்று. இறங்கி வந்து முகம் கழுவும்போது, எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பொறியியல் வேலை செய்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். அன்றைக்கு விருந்தறை குளிர்ந்ததும் உண்மை.

அவர்கள் வந்த சனிக்கிழமை எப்படி எரிந்தது என்று உனக்குத் தெரியும். நீ பச்சைச் சேலை கட்டியிருந்தாய். தினேஷின் அப்பா வெள்ளைச் சட்டையுடன், துவாரத்துக்கு நேர் கீழே இருந்த நல்ல கதிரையில், நான் கையைப் பிடித்து இருத்தி வைத்த கதிரையில் இருந்தார். வடைத் தட்டு அப்போதுதான் வந்தது. மேலே தொம் என்று ஒரு சத்தம். குளிர்காற்று நின்றது. பிறகு துவாரத்திலிருந்து தூசியும் மஞ்சள் பஞ்சுத் துணுக்கும் அந்த மனுசனின் தலையிலும் தோளிலும் வடையிலும் மெதுவாகக் கொட்டின. ஒருவரும் அசையவில்லை. "நான் கொம்பனிக்காரனைக் கூப்பிடுறன்," என்று எழுந்தேன். நீயும் எழுந்தாய்.

"தேவையில்ல அப்பா." பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாய். "அங்கிள், மேல குழாய் கழண்டிட்டுது. நான் இந்த வேலைதான் செய்யுறனான். உடுப்பு மாத்திட்டு வாறன், ஒரு பத்து நிமிஷம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினேஷின் அம்மா தன் கணவரின் தோளைத் தட்டிவிட்டபடி சாதாரணமாகச் சொன்னார். "தெரியும்மா. பரமட்டாவுல தினேஷோட ஆபிஸ் ஏசிய நீ சரி பண்ண வந்தப்பதானே அவன் உன்னை மொதல்ல பார்த்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்து அதைத்தான் பேசினான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அண்ணே நாங்க கேக்கல." அதில் குத்தல் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தினேஷின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஏணி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஏணி வேனில் இருந்தது. வேன் அடுத்த தெருவில் நின்றது. நீ சாவியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது பின்னால் வந்து, "இஞ்ச கொண்டு வந்து விடு பிள்ளை. வாசலிலயே விடு," என்றேன். நீ படியில் நின்று என்னை ஒரு கணம் பார்த்தாய். கொண்டு வந்து வாசலில் விட்டாய். அன்றிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வந்து, தன் வீட்டு ஏசியையும் ஒருக்கால் பார்ப்பாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வெயிலில் கூரைக்குள் கன நேரம் நிற்க முடியாது என்று, கழன்ற குழாயை மட்டும் மாட்டிவிட்டு இறங்கினாய். மிச்சத்தை மறுநாள் விடியற்காலமை பார்ப்போம் என்றாய். அன்று பின்னேரம் விருந்தினர் போன பிறகு நான் ஒரு விளம்பரத் தாளைத் தேடி எடுத்தேன். குழாய்க்குள் ஒரு பசையைப் புகைபோல ஊதிவிடுகிற முறை; பசை தானாகவே போய் ஓட்டைகளில் ஒட்டி அடைத்துவிடுமாம். "இதுதான் புதுசு. நீ ஏறத் தேவையில்ல. அவங்கள் வந்து செய்துபோட்டுப் போகட்டும்," என்றேன். அப்போதுகூட உன்னை ஏறவிடாமல் இருக்க ஒரு வழி தேடினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ தாளை முழுக்க வாசித்தாய். "நல்ல முறைதான் அப்பா. சின்னச் சின்ன ஓட்டைக்கு, கை போகாத இடத்துக்குச் சரி. ஆனா கழண்டு கிடக்கிற குழாயை அது கொண்டுபோய்ப் பூட்டாது. முதல்ல எங்க, எவ்வளவு கசியுது எண்டு பாப்பம். எதால அடைக்கிறது எண்டு பிறகு யோசிப்பம்." டேப் வாங்கப் போகும் முன்பு இது எனக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்கியவன் நான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முகமூடி போட்டுக்கொண்டு உன் பின்னால் ஏறினேன். "மரத்தில மட்டும் கால் வையுங்கோ. மற்ற இடத்தில வைச்சா சீலிங்கோட அம்மாவின்ர மடியில போய் விழுவீங்கள்," என்றாய். கீழேயிருந்து அம்மா, "மெல்ல, மெல்ல," என்றாள், எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியவில்லை. புறங்கையை நனைத்து ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாய். பிடித்தேன். முதல் மூட்டிலேயே குளிர் வந்து சில்லென்று அடித்தது. இரண்டு கோடையாக நாங்கள் கூரை ஓடுகளைத்தான் குளிரவைத்திருக்கிறோம். என் டேப் எல்லாம் பசை காய்ந்து, சுருண்டு, சூடு தடுக்க விரித்திருந்த பஞ்சின் மேல் கிடந்தது. நீ அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாய். "இந்தத் துணி டேப்பை எல்லாரும்தான் வாங்கிறவை. கூரைச் சூட்டுக்கு அது நிக்காது," என்று சொன்னாய், அவ்வளவுதான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதை வைத்து ஒரு மாதம் பேசியிருப்பேன்.

பிறகு அந்தப் பெரிய குழாயைக் காட்டினாய். வீட்டுக் காற்றை இயந்திரத்துக்குத் திரும்ப இழுக்கிற குழாய் என்றாய். அதன் கழுத்தில் என் கை நுழையுமளவு பிளவு இருந்தது. அதற்கு நேரே கையைப் பிடித்தேன், காற்று வெளியே வரவில்லை, உள்ளே இழுத்தது. "கூரைத் தூசி முழுக்க இதால இழுத்து வீட்டுக்குள்ள ஊதுது அப்பா. அம்மாவின்ர தும்மலுக்கு ஒரு காரணம் இதாத்தான் இருக்கும்." நான் மரத்தின் மேல் அப்படியே இருந்துவிட்டேன். கராஜில் பழைய போர்வையால் மூடி வைத்த மெஷின்தான் கண்ணுக்கு வந்தது.

எதால் அடைப்பது என்று அங்கேயே, அந்தத் தூசிக்குள் இருந்து முடிவு செய்தோம். நீ என்னையும் கேட்டாய். கூரைக்குள் புகுந்த போசம் பிராணி கடித்துக் கிழித்திருந்த ஒரு குழாயை ஒட்டுவதில் பிரயோசனமில்லை, மாற்றுவோம் என்றாய். மூட்டுகள் எல்லாம் கைக்கு எட்டுவதால், அவற்றுக்குப் பிரஷால் பூசுகிற மாஸ்டிக் பசை. பட்டை போட்டு இறுக்கி, பசையைத் தடிப்பாகப் பூசி, குழாயைச் சுற்றியிருக்கிற வெளிப்பஞ்சை இழுத்து மூடிய பிறகு அதன் மேல் அலுமினிய டேப். "இது ஊத்தை வேலை, நேரம் எடுக்கும். ஆனா காய்ஞ்சாலும் வெடிக்காது. குழாய் அசைஞ்சாலும் சேர்ந்து அசையும்," என்றாய். வெயில் ஏறியதும் இறங்கினோம். அப்படி நான்கு காலை. நான் லைட் பிடித்தேன், துடைத்துக் கொடுத்தேன், மூன்றாம் நாள் பிரஷையும் தந்தாய். பழக்கமில்லாமல் மேடும் பள்ளமுமாகப் பூசினேன். "வடிவு முக்கியமில்ல. இடைவெளி விடாமப் பூசுங்கோ," என்றாய்.

கடைசி நாள் காலை, உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "இவ்வளவு நாளும் என்னோட கோவமில்லையா பிள்ளை?"

நீ பூசிக்கொண்டே சொன்னாய். "இருந்தது. வேனை விட்டிட்டு நடந்து வரேக்க ஒவ்வொரு நாளும் இருந்தது. வாசலுக்கு வந்து அம்மாவைக் கண்டா கொஞ்சம் குறையும்." பிரஷைத் திரும்பவும் பசையில் தோய்த்தாய். "யூனி போகேல்ல எண்டு சொன்ன அண்டைக்கு, ஏன் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அப்பா."

"இப்ப கேக்கிறன். ஏன்?"

"ஒரு வீட்டுக்குப் போகேக்க ஆக்கள் புழுங்கிப்போய் இருப்பினம், சின்னப்பிள்ளையள் அழுதுகொண்டு இருக்குங்கள். நான் வெளிக்கிடேக்க எல்லாரும் நல்லா இருப்பினம். அண்டைக்கு நான் செய்தது என்ன எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். யூனியில எனக்கு அது ஒருநாளும் தெரியேல்ல."

இருபத்திரண்டு வருடம் பாண் தொழிற்சாலையில் நின்றவனுக்கு இது விளங்காமலா போகும்? விடிய ஐந்து மணிக்கு முதல் தட்டு வெளியே வரும்போது எனக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. வெட்கத்தில் அதை ஆரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் ஆறு வருடத்தை வீணாக்கியிருக்கமாட்டோம்.

அந்த வாரக் கடைசியில் பின்னறைக் கதவைத் திறந்தபோது குளிர் வந்து முகத்தில் பட்டது. அம்மாவின் தும்மல் முழுக்க நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் நன்றாகக் குறைந்தது. மெஷினை நானே கராஜிலிருந்து தூக்கி வந்து வைத்தேன். "என்னிட்ட மன்னிப்புக் கேக்கிறியளோ, இல்லாட்டி உங்கட சட்டைக்குப் பொத்தான் தைக்கோணுமோ?" என்று கேட்டாள். இரண்டும் என்றேன். உன் கல்யாணச் சேலைக்கான சட்டையை அவள் அந்த அறையில் இருந்துதான் தைத்தாள்.

இனி தினேஷின் கேள்வி. தரைக்குக் கீழே ஒருவர் தவழ்ந்து போகுமளவு இடம் இருந்தால், ஒவ்வொரு மூட்டையும் கையால் பார்த்து, பட்டை இறுக்கி, மாஸ்டிக் பூசுவதுதான் என் பதில். கிழிந்ததை மாற்றட்டும். உடல் நுழைய முடியாத இடத்துக்கு மட்டும் அந்த ஊதுகிற முறையை யோசிக்கலாம். சாம்பல் டேப்பை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். எதையும் தொடும் முன்பு, அது காஸில் ஓடுகிற ஹீற்றர் என்பதால், உரிமமுள்ள ஒருவர் அதைப் பார்த்துவிடட்டும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்தது. உன்னிடமே திருப்பிச் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்கச் சொன்னது நீதானே.

அப்பன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீ பேசாமல் இருப்பதை நான் பொறுமை என்று நினைத்தேன், நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். தினேஷோடு அப்படி இருக்காதே. அவர் நல்ல மனுசன், ஆனால் நல்ல மனுசரும் வசதியைக் கண்டால் அதில் சாய்ந்துகொள்வார்கள். நோகிற அன்றைக்கே நோகுது என்று சொல்லு. அவர் தனக்கு நோகுது என்று சொல்லும்போது நீயும் ஏன் என்று கேள்.

கல்யாண வரவேற்பில் பெண்ணின் தகப்பன் நான்கு வார்த்தை பேச வேண்டுமாம். எழுதிவிட்டேன். "என்ர மகள் மயூரி ஏசி மெக்கானிக். எங்கட வீட்டுக் கூரைக்குள்ள ஏறிக் கசிஞ்ச குழாய் எல்லாத்தையும் தன்ர கையால அடைச்சவ. நான் அவவுக்கு லைட் பிடிச்சனான்." வென்ட்வேர்த்வில் கடையடியில் நான் மழுப்பிய அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையில் ஊசியுடன் கேட்டுக்கொண்டிருந்தாள். "மேடையில ஊருக்குச் சொல்லுறது இருக்கட்டும். பிள்ளைக்கு நன்றி எண்டு ஒரு வார்த்தை இதில எங்கயாவது எழுதினீங்களோ?" என்று கேட்டாள். திரும்ப முழுக்க வாசித்துப் பார்த்தேன். இல்லை.

நன்றி, பிள்ளை.

அப்பா